ஜாகை மாற்றிய வான சாஸ்திரி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், ஜாகையை மாற்றிப் பார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். வாடகை வீட்டில் குடியிருக்கும் நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்காரர் பாக்கியைத் தீர்க்க வேண்டும். பத்திரிகை போடும் பையனுக்குச் சொல்ல வேண்டும். தபாலாபீசில் புது விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டும். சலவைக்குப் போட்ட துணி வந்து சேரும் முன்பே லாரி வாசலில் வந்து நின்றுவிடும். பையனுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமோ, புது வீட்டில் தண்ணீர் வருமோ, அடுப்படியில் புகை சுற்றுமோ என்று வீட்டு அம்மாளுக்குக் கவலை. போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி, தீப்பெட்டி எந்த மூட்டையில் இருக்கிறது என்று தேடாத குடும்பம் உண்டோ?

ஒரு குடும்பத்துக்கே இத்தனை தொல்லை. நூற்றெண்பது வருஷப் பழமை வாய்ந்த ஒரு சர்க்கார் ஸ்தாபனத்தை, அதன் டெலஸ்கோப்புகளோடும், புத்தகங்களோடும், சிப்பந்திகளோடும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளோடும் இடம் பெயர்ப்பது என்றால் அது எப்படிப்பட்ட காரியம்! அந்தக் காரியத்தை ஜவ்வாது மலைக் காட்டில் தொடங்கி நடத்தியவர் டாக்டர் எம். கே. வைணு பாப்பு. தம் ஐம்பத்தைந்து வருஷ வாழ்வில் சென்னை, ஐதராபாத், அமெரிக்கா, காசி, நைனிடால், கொடைக்கானல், பெங்களூர் என்று மாறி மாறிக் குடியிருந்தவர் அவர். மூட்டை கட்டும் சிரமம் அவருக்குப் புதிதல்ல.

நட்சத்திரம் பார்க்கும் வீடு

பாப்புவின் பூர்வீகம் கேரளத்துத் தலைச்சேரி. பிறந்தது சென்னையில், 1927-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி. பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தகப்பனார் ஐதராபாத்தில் நிஜாமின் பெயர் கொண்ட நிஜாமியா வானிலையத்தில் உத்தியோகம் பார்த்தார். ஆகவே ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருக்கும் தொழில் என்ன என்பது பிள்ளைக்குச் சிறு வயதிலேயே தெரியும். நிஜாம் கல்லூரியில் படித்தார். மாணவராக இருக்கும்போதே ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிப் பிரசுரித்தார்.

அமெரிக்காவின் பிரபல வான சாஸ்திரி ஹார்லோ ஷாப்லி ஐதராபாத்துக்கு வந்தபோது அவரைச் சந்திக்கும் வாய்ப்பு வாலிபருக்குக் கிடைத்தது. ஷாப்லி ஹார்வர்டு வானிலையத்தின் தலைவர். ஐதராபாத் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தோடு 1949-ல் பாப்பு ஹார்வர்டு போய்ச் சேர்ந்தார். போன சில மாதங்களிலேயே, ஜூலை 2-ந் தேதி, ஒரு வால் நட்சத்திரம் அவர் கண்ணில் பட்டது. பார்ட் பாக், கார்டன் நியூகர்க் என்ற இருவரின் பெயரும் சேர்ந்து அது இன்றும் பாப்பு-பாக்-நியூகர்க் வால் நட்சத்திரம் என்றே அழைக்கப்படுகிறது. அதற்காகப் பசிபிக் வான சாஸ்திரச் சங்கத்தின் பதக்கமும் வந்தது. 1952-ல் டாக்டர் பட்டம். அதன் பிறகு கலிபோர்னியாவில் கார்னெகி உதவித் தொகையில் ஆராய்ச்சி.

அங்கே ஆலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த வேலைதான் அவர் பெயரைப் பாடப் புத்தகங்களில் நிறுத்தியது. சில வகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கால்சியத்தின் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் அகலத்தைக் கொண்டே அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம் என்று இருவரும் கண்டார்கள். உண்மையான பிரகாசம் தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும். 1957-ல் வெளியான இந்த முடிவுக்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் உலகத்தின் பெரிய டெலஸ்கோப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். அவரோ 1953-ல் தாய்நாடு திரும்பிவிட்டார்.

அடுத்தவர் காய்ச்சிய பால்

உத்தரப் பிரதேச சர்க்கார் 1954-ல் காசியில் ஒரு வானிலையம் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் பாப்பு அதன் பொறுப்புக்கு வந்தார். காசி புண்ணிய க்ஷேத்திரம்தான். ஆனால் நட்சத்திரம் பார்க்க உகந்த இடமல்ல. கங்கைச் சமவெளியின் தூசியும் புகையும் இரவு வானத்தை மறைக்கும். வந்த மறு வருஷமே, 1955-ல், நிலையம் இமயமலை அடிவாரத்து நைனிடாலுக்கு ஜாகை மாறியது. ஊருக்குள் ஒரு கட்டிடத்தில் முதலில் இறங்கினார்கள். நிரந்தர வீட்டுக்கு ஊருக்கு வெளியே மனோரா சிகரம் என்ற உயரமான இடத்தைப் பாப்பு தேர்ந்தெடுத்தார்.

அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. 1961-ல் நிலையம் மனோரா சிகரத்துக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. 1960-லேயே கொடைக்கானல் வானிலையத்தின் டைரக்டராக நியமனம் பெற்று, இமயத்திலிருந்து பழனி மலைக்கு மூட்டை கட்டிவிட்டார். அப்போது அவருக்கு வயது 32. இன்னொருவர் குடியேற வீடு தேடிக் கொடுப்பது அவர் ஜாதகத்தில் எழுதியிருந்தது போலும்! பின்னால் ஒரு தடவையும் அப்படியே நடக்கப் போகிறது.

ஜாகை மாறிய பழைய குடும்பம்

பாப்பு வந்து சேர்ந்த கொடைக்கானல் நிலையமே ஜாகை மாறி வந்த குடும்பம்தான். அதன் மூல வீடு சென்னையில் இருந்தது. 1786-ல் வில்லியம் பெற்றி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானிலையம் வைத்திருந்தார். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பியது. அந்தக் கட்டிடத்தில் கருவியைத் தாங்கிய கருங்கல் தூணை நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸ் வளாகத்தில் இன்றைக்கும் காணலாம். அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது.

அந்த வீட்டில் குடும்பமும் உத்தியோகமும் ஒன்றாகவே நடந்தன. 1861 முதல் முப்பது வருஷம் தலைவராக இருந்த நார்மன் போக்சனுக்கு அவருடைய மகள் ஐசிஸ் உதவியாளராகப் பல ஆண்டுகள் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நம்மவரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கே வேலை பார்த்து ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

சென்னையின் மேகமும் புழுக்கமும் சூரிய ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்று 1899-ல் நிலையம் கொடைக்கானலுக்குப் போயிற்று. மலைக்கு அக்காலத்தில் மோட்டார் ரஸ்தா கிடையாது. கருவிகளை நடைபாதை வழியாக மலை ஏற்றினார்கள் என்றால், இன்று லாரிக்காரரோடு வாடகை பேசி வாய் நோகும் நமக்கு அது கதை போலத்தான் இருக்கும். 1909-ல் சூரியக் கறைகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதை அங்கே கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். அவருடைய மனைவி மேரி தாமும் வான சாஸ்திரம் வல்லவர். கொடைக்கானல் வாசத்தின்போதே புத்தகம் எழுதினார். மலை மேல் குடித்தனம் நடத்திக்கொண்டே ஒரு பெண்மணி இத்தனையும் செய்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாப்பு வந்தபோது அந்த மலை வீட்டுக்கு வயது அறுபது. பகலில் சூரியனைப் பார்க்க அது நல்ல இடம். இரவில் நட்சத்திரம் பார்க்க அல்ல. பல மாதங்கள் மூடுபனியும் மழையும் வந்து கூரையைத் திறக்கவிடாது. ஆகவே இரவு வானத்துக்கென்று வேறு வீடு தேடக் கிளம்பினார்.

காவலூர்

வீடு தேடுகிறவர்களுக்குத் தண்ணீர், காற்று, வாடகை என்று மூன்று கேள்வி. பாப்புவுக்கும் சில கேள்விகள் இருந்தன. வானம் தெளிவாக இருக்க வேண்டும். பட்டணத்து விளக்கொளி எட்டக் கூடாது. பூமத்திய ரேகைக்கு அருகே இருந்தால் வட வானத்தோடு தென் வானத்தையும் பார்க்கலாம். அதே சமயம் ரயிலும் ரஸ்தாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் மனிதர்கள் அங்கே இருக்க முடியும்.

1960-களில் தென்னாட்டுக் குன்றுகள் பலவற்றைப் பரிசோதித்துப் பார்த்துக் கடைசியில் அவர் பிடித்த இடம் ஜவ்வாது மலையில் காவலூர். அன்று வட ஆற்காடு ஜில்லா, இன்று திருப்பத்தூர் மாவட்டம். கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். கீழே ஆலங்காயம், அதைத் தாண்டினால் சென்னை-பெங்களூர் ரயில் பாதையில் வாணியம்பாடி. இரவெல்லாம் கண் விழிக்கும் கூட்டத்துக்குக் காவலூர் என்று பெயருள்ள ஊர் வாய்த்தது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தத்தைப் பாருங்கள்!

ஜவ்வாது மலை சந்தனத்துக்கும் சாமைக்கும் தேனுக்கும் பேர்போனது. அங்கே வாழும் மலையாளிகள் கேரளத்தவரல்ல. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. ஆக, வானிலையம் வருவதற்கு வெகு காலம் முன்பே ஜாகை மாறி வந்தவர்களின் மலை அது.

நம் வீடுகளில் ஜாகை மாற்றும்போது முதலில் உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் இவற்றைக் கொண்டுபோய் வைப்போம். கட்டிலும் பீரோவும் பிறகுதான் வரும். பாப்புவும் ஏறக்குறைய அப்படியே செய்தார். பெரிய கருவிக்காகக் காத்திராமல், கிடைத்த பொருள்களைக் கொண்டு சொந்தமாகச் செய்த 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் ஒன்றை 1968-ல் காவலூரில் நிறுத்தினார். பெரியது வரட்டும், கட்டிடம் முடியட்டும், அதன் பிறகு குடிபோகலாம் என்றிருந்தால் சர்க்கார் காரியத்தில் எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்பது நேயர்களுக்குத் தெரியும். சிறு விளக்கை ஏற்றி வைத்துக் குடியேறிவிட்டார். வீடு இருக்கிறது என்றால் பெரிய சாமானைக் கேட்டு வாங்கலாம் அல்லவா?

நான்கே வருஷத்தில் பெரிய சாமான் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஜீனா நகரத்து ஜெயிஸ் கம்பெனி செய்த 102 சென்டிமீட்டர் டெலஸ்கோப் 1972-ல் காவலூரில் நிலைகொண்டது. அதே வருஷம் ஜூன் 7-ந் தேதி வியாழனின் துணைக்கோள்களில் பெரியதான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு சென்றது. அப்போது அந்த நட்சத்திரத்தின் ஒளி மங்கிய விதத்தைக் காவலூரில் அளந்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் உண்டு என்பதற்கு அது அடையாளமாயிற்று. 1977 மார்ச்சு 10-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிய வந்தபோதும் அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூர் ஒன்று. காட்டுக்குள் புதுக் குடித்தனம் வைத்தவர்களுக்கு இது சாமானியமான பெயரல்ல.

குடித்தனத்தின் மறுபக்கம்

நட்சத்திர நிலையத்தில் குடித்தனம் செய்வது எப்படி என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் மாலையில் வேலைக்குப் போவார். விடிந்த பிறகு வந்து படுப்பார். குழந்தைகள் சத்தம் போட்டு விளையாடும் நேரம்தான் அவருக்கு நடுநிசி. இரவில் ஜன்னல் வழியே வெளிச்சம் கசியக் கூடாது. அடுப்படி விளக்குக்கும் இதே சட்டம். அடுப்புப் புகையும் சூடும் காற்றைக் கலக்கும் என்பதால் சமையற்கட்டு டெலஸ்கோப்பை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். அதே காரணத்தால் குளிர் காலத்தில் கூட டெலஸ்கோப் கூடத்தில் கணப்பு மூட்ட முடியாது. காவலூர் வளாகத்தில் மானும் உண்டு, பாம்பும் தேளும் உண்டு. இருட்டில் நடக்க வேண்டியவர்கள் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். பட்டணத்தில் வாசலுக்கு வரும் பாலும் காய்கறியும் மலைக்குக் கீழேயிருந்து வர வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரும் கீழே.

ஒருநாள், இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். ஆயுள் முழுவதும் முடியுமா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள எத்தனை குடும்பம் இதற்குச் சம்மதிக்கும்? நல்ல வானத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அந்த வானத்தின் கீழ் ஆட்களைத் தரிக்க வைப்பது மறு பாதி. இந்த மறு பாதியை யோசிக்காமல் டெலஸ்கோப்பை மட்டும் மலையில் ஏற்றியிருந்தால், பார்க்க ஆளில்லாமல் அது துருப்பிடித்திருக்கும்.

பாப்பு கண்ட வழி, குடும்பத்தைப் பிரித்து வைப்பது. நம் ஊரில் அண்ணன் தம்பிகள் பிரிவது போலச் சண்டை போட்டு அல்ல, வேலையை அனுசரித்து. சூரிய ஆராய்ச்சி கொடைக்கானலிலேயே இருந்தது. அந்தப் பழைய வீட்டை அவர் மூடவில்லை. அங்கே இன்றும் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். காவலூர் இரவு வேலைக்கு. தலைமை ஆபீஸ், புத்தகசாலை, பட்டறை, ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாம் பெங்களூருக்கு. 1971 ஏப்ரல் 1-ந் தேதி, வானிலை இலாகாவின் கீழ் இருந்த கொடைக்கானல் நிலையம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற பெயரில் தன்னாட்சி பெற்றது. பாப்பு அதன் முதல் டைரக்டர். 1970-களின் இடைப்பகுதியில் பெங்களூர்க் கோரமங்கலத்தில் தலைமை வீடு அமைந்தது. அங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் உண்டு. விஞ்ஞானக் கழகமும் ராமன் ஆராய்ச்சி நிலையமும் அதே ஊரில்தான். வான சாஸ்திரிகள் முறை வைத்துக்கொண்டு காவலூர் போய், சில இரவுகள் விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இதிலும் கஷ்டம் இல்லாமல் போகவில்லை. கொடைக்கானலில் பல வருஷம் வேரூன்றிய சிப்பந்தி ஒருவர் பெங்களூருக்குப் பெயர்வது என்றால், ஆரம்பத்தில் நாம் சொன்ன பால்காரர் பாக்கி முதல் பள்ளிக்கூட சர்டிபிகேட் வரை அத்தனையும் உண்டு. கூடவே பாஷையும் மாறுகிறது. காவலூரில் நிரந்தரமாக இருந்து நிலையத்தைக் காத்தவர்களும், மாதத்தில் பாதி நாள் தனியே வீட்டைக் கட்டி மேய்த்த மனைவிமார்களும் இல்லாவிட்டால் பாப்புவின் திட்டம் காகிதத்தோடு நின்றிருக்கும். விஞ்ஞானச் சரித்திரம் எழுதுகிறவர்கள் கண்ணாடியின் குறுக்களவைத் தவறாமல் எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று எழுதுவதில்லை.

காவலூரில் குறை சொல்லவும் இடம் உண்டு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி மேகத்தைக் கொண்டுவரும். தை முதல் சித்திரை வரைதான் நல்ல காலம். இதைவிட உயரமான, வறண்ட மலை வடக்கே உண்டு. ஆனால் அந்த வருஷங்களில், மனிதர் போய்வரக்கூடிய தூரத்தில், தென் வானமும் தெரியும்படி ஒரு வீடு வேண்டுமென்றால் அவர் தேர்வு சரியென்றே தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே அப்படிப்பட்ட பெரிய நிலையம் அப்போது வேறு இருக்கவில்லை.

கடைசிச் சாமான்

பாப்பு தோட்டத்திலும் ஓவியத்திலும் உருதுக் கவிதையிலும் ருசி உள்ளவர். பட்நாகர் பரிசு, பத்ம பூஷண் விருது எல்லாம் வந்தன. 1979-ல் சர்வதேச வான சாஸ்திர ஐக்கியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஆனால் அவர் மனம் கிடந்தது வேறோர் இடத்தில். காவலூர் வீட்டுக்கு ஒரு பெரிய டெலஸ்கோப் வேண்டும். அதை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. 234 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி. அதைத் தேய்த்து மெருகேற்றியது நிறுவனத்தின் சொந்த ஆட்கள். தாங்கும் இரும்புச் சட்டங்களைச் செய்தது மகாராஷ்டிரத்து வால்சந்த் நகர் தொழிற்சாலை. வெளியிலிருந்து வாங்கினால் சீக்கிரம் முடியும் என்பது தெரியாதவரல்ல அவர். செய்து பழகினால்தான் அடுத்ததையும் செய்ய முடியும் என்று காத்திருந்தார்.

1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டுப் பாட்ராஸ் நகரத்தில் சர்வதேச வான சாஸ்திரிகளின் மகாநாடு. தலைமை வகிக்க வேண்டியவர் பாப்பு. இருதய சிகிச்சைக்காக ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருந்தார். மகாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 19-ந் தேதி, அங்கேயே காலமானார். ஐம்பத்தைந்தாவது பிறந்த நாள் கழிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

டெலஸ்கோப் அப்போது முடியவில்லை. 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அதைத் துவக்கி வைத்தார். டெலஸ்கோப்புக்கும் நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயரையே சூட்டினார்கள். மனோரா சிகரத்தைப் போலவே இந்த வீட்டிலும் பாலைக் காய்ச்சியவர்கள் மற்றவர்கள். அவருடைய தாயார் சுனன்னா அம்மையார் அதற்கு முந்தின வருஷம் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகத்திடம் ஒரு நிதி ஒப்படைத்து, மகன் பெயரால் வான சாஸ்திரிகளுக்கு விருது ஏற்படுத்தினார். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் செய்த காரியம் அது.

காவலூரில் வேலை நிற்கவில்லை. 1988-ல் அங்கே கண்டுபிடித்த சிறு கிரகத்துக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பாப்புவின் நிறுவனம் அதோடு ஜாகை தேடுவதையும் நிறுத்தவில்லை. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், 2000-ல் இரண்டு மீட்டர் டெலஸ்கோப் ஒன்றை நிறுவியது. மூச்சு வாங்கும் அந்தக் குளிரில் குடும்பத்தோடு குடியிருக்கத் தேவையில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசக்கோட்டையில் உட்கார்ந்தபடியே செயற்கைக் கோள் தொடர்பு மூலம் டெலஸ்கோப்பைத் திருப்பி, இரவெல்லாம் பார்த்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கலாம்.